சாட்சியக்கா திரும்பிப் பார்க்காத மூன்று வாரம்

மழை பெய்கிறதா என்று சாட்சியக்காவிடம் கேட்டால், "நான் வீட்டவிட்டுக் கெளம்பறப்ப பெய்யலங்க" என்பார். கேட்ட ஆள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாலும் பதில் மாறாது. "உங்க சட்ட ஈரமா இருக்கு. அது மட்டும் தெரியுது" என்பார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ஆரம்பத்தில் எனக்குக் கோபம் வந்தது. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருப்பவனிடம் எலி மருந்து வைக்கிற பொம்பளை கிண்டல் பேசுவதா என்கிற கோபம். பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கிண்டலே வராது. கண் பார்த்ததை மட்டும்தான் வாய் சொல்லும். பார்க்காததைச் சொல்லச் சொன்னால் "பாக்கல" என்பதோடு நின்றுவிடும்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் சாட்சியக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர், வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோல் புத்தகத்தில் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான். இங்கே அது வேண்டாம்.

எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருந்த எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூரிலிருந்து புக்கிட் பெலிம்பிங் போகும் பக்கம், கடலோரமாக இருந்தது. மேற்கு எல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மண்கரை. கரைக்கு அந்தப் பக்கம் அலையாத்தி மரங்கள் அடர்ந்த பாக்காவ் காடு, அதைத் தாண்டினால் சேறு, சேற்றைத் தாண்டினால் கடல். நான் சொல்வது எண்பதுகளின் பின்பாதி. அந்தப் பாக்காவ் காட்டைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, இனி யாரும் அதில் கைவைக்கக் கூடாது என்று பலகை அடித்திருந்த புதிது. கரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் எலிக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தோம்.

அக்காவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, தலையில் எப்போதும் ஒரு துண்டு. அவரை ஒரு முறை பெண் பார்க்கும் விஷயத்தில் இழுத்துவிட்டார்கள். சுங்கை பெசாரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், தெரிந்த முகமாயிற்றே என்று அவரைக் கூப்பிட்டு, பொண்ணு எப்படி என்று விசாரித்தார்கள். "நான் நாலஞ்சு தடவ பாத்திருக்கேன். ரெண்டு தடவ சிரிச்சிச்சு. ஒரு தடவ அவங்கம்மாவ வெளக்குமாத்தால அடிச்சிச்சு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா வாசலில் வந்து கத்தியபோது அக்கா நிஜமாகவே குழம்பிப்போய் நின்றார். "சிரிச்சதையும் சொன்னேனே" என்றார்.

சிரிப்பாக இருக்கிறது அல்லவா? இன்னொன்று சொல்கிறேன். அவர் புருஷன் டிராக்டர் கவிழ்ந்து செத்தவர். வேலை நேரத்தில் செத்தாரா, வேலையை விட்டுவிட்டுக் கள்ளுக்கடைக்கு ஓட்டிப்போகும்போது செத்தாரா என்பதுதான் கேள்வி. அவர் வேலைக்காட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் நஷ்டஈடு கிடைக்கும் என்று தொழிற்சங்கத்துக்காரர் அரை நாள் கெஞ்சினார். "நான் கொழாயடியில துணி தொவச்சிக்கிட்டிருந்தேன். அவரு எந்தப் பக்கம் போனாருன்னு பாக்கல" என்பதையே அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்றும் கிடைக்கவில்லை. என் மனைவி இதை என்னிடம் சொல்லும்போது பல்லைக் கடித்தாள். "கட்டுன புருஷனுக்காகக்கூட ஒரு பொய் வரல. அது என்னா வாயிங்க அது?"

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புருஷன் போன பிறகு அவரை எலி மருந்து கேங்கில் போட்டார்கள். குலை வெட்டும் ஆண்களின் மனைவிமார்கள் அவரவர் புருஷன் பின்னால் போய் உதிர்ந்த பழம் பொறுக்குவார்கள். புருஷன் இல்லாதவள், இடுப்பு பிடித்துக்கொண்டவள், நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறவள் என்று மிஞ்சியவர்களுக்குத்தான் இந்தக் கேங். அக்காவோடு சேர்த்து ஆறு பேர். செக்ரோலில் பெயர் இருப்பதால் ஆறு பேருக்கும் லயத்தில் வீடு. பெயர் போனால் வீடும் போகும். அவர்களுக்கு வெளியே போக்கிடம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது.

வேலை இதுதான். மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் விஷமும் மெழுகில் கலந்து, செங்கல் நிறத்தில் சின்னக் கட்டிகளாக வரும். ஒரு மரத்துக்கு ஒன்று என்று அடியில் வைப்பார்கள். நாலு நாள் கழித்துப் போய்ப் பார்ப்பார்கள். கட்டி காணாமல்போயிருந்தால் எலி தின்றது என்று அர்த்தம், அந்த இடத்தில் புதிது வைப்பார்கள். நூறு மரத்தில் இருபதுக்குக் கீழே காணோம் என்றால் எலி அடங்கிவிட்டது, மருந்தை நிறுத்தலாம். இருபதுக்கு மேல் என்றால் இன்னொரு சுற்று. அந்த எண்ணிக்கையைக் குறித்து ஆபீசில் கொடுப்பது என் வேலை.

மற்ற ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு நிரையாக நடந்துபோய், முடிவில் நின்று தொகையைக் கத்துவார்கள். அக்கா அதை ஏற்றுக்கொள்ள மாட்டார். ஒவ்வொரு நிரையிலும் தானே மறுபடியும் நடந்து, ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்து சொல்வார். இதனால் வீடு திரும்ப ஒரு மணி நேரம் தாமதமாகும். கேங்கிலேயே இளையவள் பவுனு, நாற்பது வயது, மூச்சு வாங்கும் கேஸ். அவள்தான் அதிகமாக முணுமுணுப்பாள். "எண்ணத் தெரியாதவளுங்களா நாங்க?" என்பாள். "எண்ணத் தெரியும். நான் பாக்கலியே" என்று அக்கா குனிந்துகொண்டே போவார்.

அந்த வருஷம்தான் தோட்டத்து மேனேஜர் துரை, ஏழாம் நம்பர் செம்பனைக் காட்டில் கம்பம் நட்டு, மேலே மரப்பெட்டி கட்டச் சொன்னார். கூகை ஆந்தை வந்து குடியிருக்க. எங்கோ ஒரு தோட்டத்தில் அது எலியைத் தின்று தீர்க்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார். ஏழாம் நம்பர், லயத்துக்கு ரொம்பப் பக்கம். பெட்டிக்குக் கூகை வந்து கத்த ஆரம்பித்ததும் ஜனங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். "ஆந்தைக்கு வீடு கட்டிக் குடுத்து, எங்க வீட்டுக்கு எமன கூப்புடுறீங்களா?"

ஒரு நாள் காலை பெரட்டில், ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொடுக்கும்போது, இதே பேச்சு பெரிதாக எழுந்தது. அக்கா வரிசையிலிருந்தபடியே சொன்னார். "ஒரு மாசமா கத்துது. நான் பாத்தவரைக்கும் யாரும் சாவல."

"மண்டோர் வீட்டு மாடு செத்துச்சே!" என்றது ஒரு குரல்.

"அது லோரியில அடிபட்டுச்சு. நான் பாத்தேன்."

கூட்டம் சிரித்துவிட்டது. எமன் விஷயம் அன்றோடு பாதி அடங்கியது. ஆனால் அக்கா அதோடு விடவில்லை. அடுத்த வாரம் நான் ஆபீசில் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்து, தலைத்துண்டை அவிழ்த்து, என் மேசையில் எதையோ கொட்டினார். ரோமமும் எலும்புமாக உருண்டைகள், அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன மண்டையோடுகள். "ஒரே பெட்டிக்கு அடியில கெடந்துச்சுங்க. எலி மண்ட. பதினேழு எண்ணுனேன்." எனக்குத் தோசை இறங்கவில்லை. கத்தி விரட்டினேன். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனார்.

அதற்குள் எலி மருந்தும் மாறியிருந்தது. பழையதை எலி பல நாள் தின்ன வேண்டும். புதியது ஒரு கட்டியே போதும், எலி செத்த பிறகும் அதன் உடம்பிலேயே விஷம் தங்கியிருக்கும். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொன்னது ஒரு கருடன்.

ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா ஒரு கோணிச்சாக்கோடு ஆபீஸ் படியில் நின்றார். உள்ளே செம்மண் நிற இறக்கையும் வெள்ளைத் தலையுமாக ஒரு கருடன். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. வானத்தில் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பறவை. படியில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"செவ்வாக்கெழம இது ஏழாம் நம்பர்ல ஒரு எலிய தூக்கிட்டுப் போச்சுங்க. அந்த எலி ஓட முடியாம தள்ளாடிக்கிட்டிருந்துச்சு. இன்னிக்கி கரை மேல இப்படிக் கெடக்குது. நடுவுல என்னாச்சின்னு நான் பாக்கல."

நான் உள்ளே போய்த் துரையிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் புதைத்துவிடு என்றார். ஆபீசுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். மண் மூடும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். வீட்டில் என் மனைவி என்னைத் தலைமுழுகச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து, பாக்காவ் காட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி எங்கள் ஆபீசுக்கு வந்தார். சின்ன வயது மலாய்ப் பெண், முழங்கால்வரை சேறு. அவருடைய பையில் இரண்டு கருடன், ஒரு கூகை. மூன்றுக்கும் மூக்கில் ரத்தம். துரை முன்னால் உட்கார்ந்து அவர் மலாயில் பேசியதைக் கோப்புகளை அடுக்குகிற சாக்கில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் விஷம் கரையைத் தாண்டி வருகிறது என்றார். பெட்டி கட்டிக் கூகையைக் கூப்பிட்டுவிட்டு, அது தின்னும் எலியிலேயே நஞ்சை வைக்கிறீர்கள், காசையும் கொடுத்துக் காவல்காரனையும் கொல்கிற வேலை இது என்றார். பறவைகளைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள், டவுனில் உள்ள மாமாக் சாப்பாட்டுக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை, போய்ப் பாருங்கள் என்றார். கடைசியாக, "இந்தக் காடு நிற்பதால்தான் உங்கள் மண்கரை நிற்கிறது. காடு வேண்டும், அதில் இருக்கும் பறவை மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?" என்று கேட்டார்.

துரை கெட்டவர் இல்லை. யோசித்தார். எலி அடங்கினால் போதும், யார் அடக்கினால் எனக்கென்ன என்றார். ஒரு முடிவும் சொன்னார். ஏழாம் நம்பரில் இன்னும் மூன்று வாரம் பார்ப்பது. எண்ணிக்கை இருபதுக்குக் கீழேயே நின்றால் கூகை வேலை செய்கிறது என்று அர்த்தம். கடலோரச் செம்பனைக் காடுகள் எல்லாவற்றிலும் மருந்தை நிறுத்திப் பெட்டி கட்டிவிடலாம்.

"அப்போ கேங்?" என்று நான் கேட்டேன்.

"மருந்தே இல்லைன்னா கேங் எதுக்கு?" என்றார்.

அன்று சாயங்காலம் குழாயடியில் பவுனுவைப் பார்த்து நான் இதைச் சொன்னேன். ஏன் சொன்னேன்? நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பு. முன்கூட்டியே தெரிந்தால் வேறு வழி தேடிக்கொள்வார்களே என்று. அவர்கள் வழி தேடிக்கொள்ளத்தான் செய்தார்கள்.

அடுத்த சுற்றில் ஏழாம் நம்பரில் நூற்றுக்கு முப்பத்தொன்று காணோம். அதற்கு முந்தைய சுற்றில் பன்னிரண்டு. மறுசுற்றில் முப்பத்துநாலு. எனக்கு இடித்தது. ஒரு நாள் ஒதுங்கி நின்று பார்த்தேன். பவுனு குனிந்து, கொஞ்சமும் கடிபடாத கட்டியை எடுத்து, பால்டினுக்குள் போட்டு, மேலே துணியைப் போட்டு மூடினாள். நிமிரும்போது என்னைப் பார்த்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நோட்டில் அவள் சொன்ன எண்ணையே எழுதினேன்.

அக்கா எங்கே என்று தேடினேன். மண்கரை மேல் உட்கார்ந்திருந்தார், செம்பனைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எதிரே பாக்காவ் மரங்களில் கொக்கும் நாரையும் அடைந்திருந்தன. அவற்றைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். மழை பெய்கிறது என்று மற்றவர் சொன்னால்கூட நம்பாத மனுஷி, நிரை நிரையாகக் குனிந்து பார்க்கிற மனுஷி, இப்போது ஒரு மரத்தடியையும் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் எழுந்து வந்து, "பவுனு இருபத்தொம்போதுன்னு சொல்றா" என்றார். முன்பெல்லாம் எண்ணை மட்டும்தான் சொல்வார். "பவுனு சொல்றா" என்பது புதிது. அந்தப் பாதியை நான் நோட்டில் எழுதவில்லை.

மூன்று வாரமும் இப்படித்தான் போயிற்று. அக்கா இளைத்துப்போனார். பெரட்டில் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் முடிந்த காலையில் அதிகாரி மறுபடியும் வந்தார். இந்த முறை ஒரு பால்டின் நிறைய மெழுகுக் கட்டிகள். கரைக்கு அந்தப் பக்கம் சேற்றில் கொட்டிக் கிடந்தனவாம். துரை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலி தூக்கிக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் ஆட்களுக்கு மேஸ்திரியான மண்டோர்.

"எலி தூக்கினால் பல் பட்டிருக்கும்" என்றார் அதிகாரி.

கேங் முழுவதையும் ஆபீஸ் வாசலுக்குக் கூப்பிட்டார்கள். துரை நேரே அக்காவிடம் வந்தார். தோட்டத்தில் யாருடைய வார்த்தையை நம்பலாம் என்பது அவருக்கும் தெரியும். "எலி தூக்கிப் போடுதா? நீ சொல்லு, போதும்."

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் முடிந்தது. எலி தூக்கிப் போடுவது உண்டுதான், அது பொய்கூட இல்லை. பவுனு புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மூணு வாரமா நான் திரும்பிப் பாக்கலைங்க தொரை" என்றார் அக்கா.

"என்ன அர்த்தம்?"

"பாத்தா சொல்லணும். அதனால பாக்கல."

 துரைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கையிலிருந்த கட்டியை மண்டோரிடம் கொடுத்தார். பிறகு சொன்னார். "சரி. நாளைக்கு நீயே தனியா கட்டி வை. நாலு நாள் கழிச்சு நீயே பாரு. வேற யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. கிராணி கூட வந்து எழுதட்டும்."

அந்த நாலு நாளும் அக்கா வீட்டில் ஆள் ஓயவில்லை. முதல் நாளே பவுனு அக்கா வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தாள். மற்ற நாலு பேரும் வந்து உட்கார்ந்து அழுதார்கள். மூன்றாம் நாள் நானும் போனேன். மற்றவர்களுக்காகப் பேசப்போவதாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனேன். உண்மை என்னவென்றால், மூன்று வாரமும் அந்த எண்களுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்பது என்றோ பத்து என்றோ வந்தால், முப்பத்துநாலு எப்படி வந்தது என்று என்னைத்தான் கேட்பார்கள். பெரிய கிராணி அந்த வருஷம் ஓய்வுபெற இருந்தார், அந்த நாற்காலி எனக்கு என்று பேச்சு இருந்தது.

"அக்கா, இருபத்தஞ்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. ஆறு குடும்பம்" என்றேன்.

அவர் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் வீடு வேணாமா தம்பி? எனக்கு எங்க போறதுன்னு தெரியல. ராவெல்லாம் தூக்கமில்ல."  "ஏன் என்னையே கேக்குறாங்க? இத்தன பேரு இருக்காங்களே, வேற யாரையாச்சும் கேக்கலாம்ல?"

அவர் பிடிவாதக்காரி என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். பிடிவாதமே இல்லை. எல்லாரையும்போலப் பயந்துபோய், ஓடவும் வழியில்லாமல், தன் வாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஒரு மனுஷி. தண்ணீர் கொதித்தது. நான் தேத்தண்ணி வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை நாங்கள் இருவரும் ஏழாம் நம்பருக்குப் போனோம். அவர் முன்னால், நான் நோட்டோடு பின்னால். முதல் மரத்தடியில் குனிந்தார். "இருக்கு." இரண்டாவது. "இருக்கு." மூன்றாவது. "இருக்கு." நான் ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டேன். எட்டாவது மரத்தில் "காணோம்" என்றபோது அவர் குரலிலேயே ஒரு சந்தோஷம் தெரிந்தது. அப்புறம் மறுபடியும் இருக்கு, இருக்கு, இருக்கு. போகப்போகக் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. பெட்டிக் கம்பத்தைத் தாண்டும்போது மேலே ஏதோ புரண்டு படுத்த சத்தம் கேட்டது. நூறாவது மரத்தில் நிறுத்தினோம். ஒன்பது காணோம்.

வெட்டிப்போட்ட மட்டைக் குவியலில் அக்கா உட்கார்ந்தார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் குந்தினேன்.

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்க்கா. நான் இருபத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்துர்றேன்."

துண்டை எடுக்காமலே சொன்னார். "எழுதறது உங்க கை. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா தொரை கூப்புட்டுக் கேட்டாருன்னா, வாயில ஒம்போதுதான் வரும் தம்பி. கேக்காம இருக்கணும்னு மாரியாத்தாவ வேண்டிக்கிறேன்."

பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக் கரைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எழுதுவதற்காக அப்படி நின்றார்.

பேனாவைத் திறந்தேன். இருபத்தஞ்சு என்று எழுதி, துரை அக்காவைக் கூப்பிட்டால் நான் தொலைந்தேன். ஒன்பது என்று எழுதினால், முந்தைய மூன்று வாரத்துக்கும் பெண்கள் ஏமாற்றியது எனக்குத் தெரியாது என்று சாதித்துவிடலாம். என் பெண்டாட்டி, என் பிள்ளை, என் நாற்காலி. ஒன்பது என்று எழுதினேன்.

துரை தாளை வாங்கிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். டிராக்டர் டயர் வந்துவிட்டதா என்று கேட்டார். அக்காவைக் கூப்பிடவே இல்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இருபத்தஞ்சு என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கடலோரச் செம்பனைக் காடுகளில் மருந்து நின்றது. கம்பங்கள் நட்டோம், பெட்டிகள் ஏறின, கூகைகள் வந்தன. எலி அடங்கியேதான் இருந்தது. கரைக்கு மேலே கருடன்கள் மறுபடியும் வட்டமிட்டன. தோட்டத்துக்கு மருந்துச் செலவு மிச்சம் என்று துரைக்கு மேலிடத்தில் பாராட்டு வந்தது. அந்த அதிகாரி எனக்கும் கைகுலுக்கி நன்றி சொன்னார். எல்லாம் நல்லதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. கேங்கைக் கலைக்க ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார்கள். வீட்டைக் காலிசெய்யவும் அதே ஒரு மாதம்.

கடைசி நாள், லயத்து வாசலில் அக்காவின் சாமான்கள் லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. சுங்கை பெசாரில் தூரத்துத் தங்கை வீட்டுச் சமையலறையில் படுத்துக்கொள்ள இடம் கிடைத்திருந்தது. அனுப்பிவைக்க யாரும் வரவில்லை. நான் போனேன். சற்று நேரத்தில் பவுனு வந்தாள், திட்டுவதற்கு.

"நாசமாப் போன வாயி! சொல்லித் தொலச்சிட்டியே. நாங்க தெருவுல நிக்கிறது இப்ப ஒன் கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கா?"

"என்னைய யாரும் கேக்கல பவுனு."

"பின்ன தொரைக்கு யாரு சொன்னா?"

"கிராணியாரு எழுதுனாரு. என்னா எழுதுனாருன்னு நான் பாக்கல."

பவுனு என் பக்கம் திரும்பினாள். மூச்சு இரைத்தது அவளுக்கு. "நீங்க சொல்லுங்கய்யா. நீங்க எங்க பக்கம்தானே இருந்தீங்க. இந்தம்மாதான தொரகிட்ட சொன்னுச்சு?"

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு நேரே, நாலடி தூரத்தில்.

"ஆமா" என்றேன். "அவங்கதான்."

அவர் அடுப்பங்கல்லைத் தூக்கி லோரிக்காரனிடம் கொடுத்தார். பிறகு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த லோரி வளைவில் திரும்பும்வரை என் மேல் இருந்த பார்வையை அவர் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பயந்துகொண்டே இருந்தேன். பார்த்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனுஷி. இன்று இல்லாவிட்டால் நாளை, யாராவது ஒருவர் மூலமாக, நான் சொன்னது பொய் என்கிற பேச்சு வந்து சேரும் என்று. பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் யாராவது "அய்யா" என்று வாசலில் நின்றால் முதலில் அதுதான் ஞாபகம் வரும்.

இரண்டு வருஷம் கழித்து கோலா சிலாங்கூர் மார்க்கெட்டில் பவுனுவைப் பார்த்தேன். மீன் கழுவுகிற வேலை. அடிக்கடி சுங்கை பெசார் போவாளாம், அக்காவையும் பார்ப்பாளாம், பார்க்கும்போதெல்லாம் திட்டுவாளாம். அவர் கண் மங்கிவிட்டது, வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்றாள்.

"என்னப் பத்தி ஏதாச்சும் சொல்லுவாங்களா?" என்று கேட்டேன்.

"உங்களப் பத்தியா? அது ஒண்ணும் சொல்லாதுங்களே. எதுக்குக் கேக்குறீங்க?"

சும்மாதான் என்றேன். பவுனு மறுபடியும் அக்காவைத் திட்ட ஆரம்பித்தாள். அவளை மாமாக் கடைக்கு அழைத்துப்போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன்.